ஒரே ஒரு கல்யாணத்தில் பிறந்த மரம்

ஆப்பிரிக்கக் காட்டில் இரண்டு இனங்கள் கலந்து பிறந்த காப்பியை, கீழ்ப்பழநி மலையில் மூன்று ஏக்கரில் கட்டிக்காக்கும் கதை

"கத்தியை முக்கு. ஒரு நிமிஷம் கழிச்சு எடு."

கவாத்துக் கத்தியை நன்றாகத் துடைத்து அந்த நீலத் தண்ணீரில் முக்கினேன். வெளியே எடுத்தபோது அலகில் செம்பு பூசியதுபோல ஒரு செந்நிறம். சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"துத்தம் தூக்கலா இருக்குடா தம்பி. இப்படியே அடிச்சா இலை கருகிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு ஊத்து."

ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் மயில்துத்தம் ஒரு கிலோ, இன்னொன்றில் சுண்ணாம்பு ஒரு கிலோ. இரண்டும் சேர்ந்து 200 லிட்டர் வரவேண்டும். இதற்குப் பெயர் போர்டோ கலவை. திராட்சைக் கொடிக்காக பிரான்சில் பிறந்த மருந்து. தாண்டிக்குடிப் பக்கம் மே மாதக் கடைசியில் எந்தக் காப்பித் தோட்டத்துக்குப் போனாலும் இந்த நீலம் கண்ணில் படும். மூன்றாவது தடவை முக்கியபோது கத்தி வெறும் இரும்பாகவே வந்தது. அதற்குப் பிறகுதான் தெளிப்பான் முதுகில் ஏறியது. மருந்து இலையின் மேல்பக்கம் விழுந்தால் பிரயோஜனமில்லை. அடிப்பக்கம் நனைய வேண்டும். அங்கேதான் துரு பிடிக்கிறது. இலையைத் திருப்பினால் மஞ்சள்தூளைக் கொட்டி விரலால் தேய்த்ததுபோல ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடி. அதுதான் இலைத்துரு நோய்.

"வருஷா வருஷம் இதே பாடுதானா? எந்த நோயும் வராத ஹைப்ரிட் ஒண்ணு போட்டா என்ன?" என்று கேட்டேன்.

சித்தப்பா சிரித்தார். "இதுவே ஹைப்ரிட்தானேடா" என்றார்.

அவர் சொன்னது எஸ்.795 என்ற ரகத்தை. ஆனால் அவர் நினைத்ததைவிட அது இன்னும் ஆழமான உண்மை. அராபிகா காப்பி என்ற இனமே ஒரு கலப்பினம்தான். அந்தக் கலப்பு நடந்த விதத்தில்தான் இந்த மரத்தின் ருசியும் இருக்கிறது, நோஞ்சான் உடம்பும் இருக்கிறது.

அப்பா ரொபஸ்டா, அம்மா யூஜினியாய்டிஸ்

செடி என்றுதான் நாம் சொல்கிறோம். உண்மையில் அது மரம். எத்தியோப்பியாவின் தென்மேற்கே காஃபா காடுகளில், வெட்ட ஆளில்லாமல் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்தால் இருபத்தைந்து, முப்பது அடிகூடப் போகும். மெலிந்த தண்டு, அகன்ற இலை, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழம். நாம்தான் வெட்டி வெட்டி இடுப்பளவிலும் தலையளவிலும் நிறுத்தி அதைச் செடியாக்கி வைத்திருக்கிறோம். நம் வெட்சி, நுணா, கடம்பு எல்லாம் இதன் குடும்பம்தான். காப்பி பூத்திருக்கும்போது பார்த்தால் வெட்சியின் சாயல் சட்டென்று தெரியும். மணம் மட்டும் மல்லிகையுடையது.

வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் காப்பி இனங்கள் பல. அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று ரொபஸ்டா: தாழ்நிலக் காட்டு மரம், முரடு, கசப்பு, காஃபின் தூக்கல். மற்றொன்று யூஜினியாய்டிஸ்: கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் உகாண்டா, ருவாண்டா, கென்யா பக்கம் வளரும் மெல்லிய செடி, காஃபின் மிகக் குறைவு, இனிப்பு அதிகம். இரண்டுக்கும் 22 குரோமோசோம்கள். இரண்டும் எங்கோ சந்தித்து, மகரந்தம் மாறி, ஒரு பிள்ளை பிறந்தது. சாதாரணமாக அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி வரும். இந்தப் பிள்ளைக்கோ இருவரின் சொத்தும் முழுதாக வந்துவிட்டது. 44 குரோமோசோம்கள். அதுதான் அராபிகா.

எப்போது நடந்தது? 2024இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று சுமார் 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிட்டது. அதற்கு முன் வந்த கணக்குகளில் சில, வெறும் பத்திருபதாயிரம் ஆண்டுகள் என்றன. காலத்தில்தான் சண்டை. கல்யாணம் ஒரே ஒரு தடவைதான் நடந்தது, இன்று உலகில் இருக்கும் அராபிகா எல்லாம் அந்த ஒரு பிறப்பின் வாரிசுகள் என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தன் மகரந்தம் தனக்கே ஆகாது. வேறு மரத்திலிருந்து வந்தால்தான் காய் பிடிக்கும். அராபிகாவுக்கு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. பூ விரியும்போதே பெரும்பாலும் தன்னைத்தானே சூல்கொண்டுவிடும். தோட்டக்காரனுக்கு இது வசதி: விதை போட்டால் தாயைப்போலவே பிள்ளை வரும். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் புது ரத்தம் உள்ளே வரவே இல்லை.

மனிதன் இதை இன்னும் குறுக்கினான். எத்தியோப்பியாவிலிருந்து ஏமனுக்குப் போனது கொஞ்சம். ஏமனிலிருந்து வெளியே வந்தது அதைவிடக் கொஞ்சம். பாபா புதன் மெக்காவிலிருந்து திரும்பும்போது ஏழு விதை கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் போட்டார் என்ற கதை நமக்குத் தெரியும். மலபாரிலிருந்து டச்சுக்காரர்கள் ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜாவாவிலிருந்து 1706இல் ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் தோட்டத்துக்கு ஒரு செடி போனது. அதன் வாரிசு ஒன்று 1714இல் பிரான்சின் பதினான்காம் லூயிக்குப் பரிசானது. அந்த வழியில் கரீபியனுக்கும் தென் அமெரிக்காவுக்கும் பரவியது. ஒரு கண்ணாடி வீட்டில் நின்ற ஒற்றைச் செடியின் பேரப்பிள்ளைகள் பாதி உலகத்தை நிரப்பின என்றால் மிகை கொஞ்சம்தான்.

மலையகத்தில் விழுந்த துரு

இதன் விலையை முதலில் கொடுத்தது இலங்கை. மலையகத் தமிழரின் வரலாறு தேயிலையில் தொடங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காப்பியில் தொடங்கியது. திருநெல்வேலி, ராமநாதபுரம், திருச்சி சீமைகளிலிருந்து கங்காணிகள் பின்னால் போனவர்கள், மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தது காப்பிப் பழம் பறிக்கத்தான். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. மலைமலையாகக் காட்டை அழித்து, நிழல் மரம்கூட இல்லாமல் ஒரே செடியை நட்டிருந்தார்கள். 1869இல் அங்கே துரு தென்பட்டது. 1880இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளரை அரசு அனுப்பியது. பூசணம் எப்படிப் பரவுகிறது என்று அவர் இலையோடு இலையாக உட்கார்ந்து கண்டுபிடித்தார். மருந்து மட்டும் அவரிடம் இல்லை. போர்டோ கலவையே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. காப்பியைப் பிடுங்கிய குழிகளில் தேயிலை ஏறியது. காப்பி பறிக்கும் பருவம் முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களைத் தேயிலை வருடம் முழுக்க அங்கேயே நிறுத்திவிட்டது. ஒரு செடியின் பலவீனம் ஒரு சமூகத்தின் முகவரியை மாற்றிய கதை அது. தனியாக எழுத வேண்டியது.

இந்தியாவிலும் துரு வந்தது. ஆனால் இங்கே காப்பி முழுதாக அழியவில்லை. 1911இல் மைசூர் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர், நோய் தாக்காமல் நின்ற ஒரு செடியைக் கவனித்து அதன் விதையைப் பெருக்கினார். 'கென்ட்ஸ்' என்ற ரகம் அப்படி வந்தது. 1925இல் பாலேஹொன்னூரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது இன்னொரு விசித்திரமும் கைக்கு வந்தது: அராபிகாவும், மேற்கு ஆப்பிரிக்க லைபெரிகாவும் தாமாகவே கலந்து பிறந்த ஒரு செடி. அதன் வழிவந்த எஸ்.288ஐ கென்ட்ஸோடு சேர்த்ததில் பிறந்ததுதான் எஸ்.795. 1940களின் நடுவில் தோட்டங்களுக்கு வந்தது. சித்தப்பாவின் மூன்று ஏக்கரில் நிற்பவற்றில் பெரும்பகுதி இதுதான். ரொபஸ்டா, யூஜினியாய்டிஸ், லைபெரிகா என்று மூன்று ஆப்பிரிக்கச் சொந்தங்கள் ஓர் உடம்பில்.

இதே வேலையைத்தான் உலகம் முழுக்கச் செய்கிறார்கள்: வெளியிலிருந்து ரத்தம் ஏற்றுவது. 1927 வாக்கில் திமோர் தீவில் ஒரு தோட்டத்தில் அராபிகாவும் ரொபஸ்டாவும் கலந்த ஒரு மரம் தென்பட்டது. அதற்குத் துரு பிடிக்கவில்லை. அதன் வாரிசுகள்தான் கேட்டிமோர் வகைகள். நம் ஊரில் 1985இல் 'காவேரி' என்றும், வேறொரு வழியில் 2007இல் 'சந்திரகிரி' என்றும் வந்தவை.

ஆப்பிரிக்காவிலேயே கென்யாக்காரர்கள் செய்தது இன்னும் சிரத்தையான காரியம். அங்கே துருவைவிடப் பெரிய எதிரி, பச்சைக்காயிலேயே கருப்பாக அழுகும் காய்நோய். 1960களின் கடைசியில் அது தோட்டங்களைச் சூறையாடியது. நைரோபிக்கு அருகில் ரூய்ரு ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டு உழைத்து 1985இல் 'ரூய்ரு 11' என்ற கலப்பினத்தை வெளியிட்டார்கள். அதன் ஒவ்வொரு விதையும் கைவேலை. தாய்ச்செடியின் பூவில் ஆண் பாகத்தைக் கிள்ளி, உறை போட்டு மூடி, தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தொட்டுவைக்க வேண்டும். காப்பி பூப்பதோ இரண்டு மூன்று நாள். கேட்ட அளவுக்கு விதை கொடுக்க முடியாமல் நிலையம் திணறியது. 2010இல் வந்த 'பாத்தியான்' ரகம் அந்தச் சிக்கல் இல்லாதது; விதை போட்டாலே தாயைப்போல வரும்.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'ஹைப்ரிட்' என்ற ஒரே சொல்லில் நாற்றுப்பண்ணைகள் இரண்டு வேறு சரக்கை விற்கின்றன. எஸ்.795, சந்திரகிரி போன்றவை பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைநிறுத்தியவை. நல்ல தாய்ச்செடி பார்த்து நீங்களே விதை எடுக்கலாம். ரூய்ரு 11 மாதிரியானவை முதல் தலைமுறைக் கலப்பு. அதன் பழத்தில் விதை எடுத்துப் போட்டால் ஒன்று தாத்தாவைப்போல, ஒன்று பாட்டியைப்போல, ஒன்று யாரையும்போல இல்லாமல் வரும். ரகத்தின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

நான் கொன்ற நாற்பது நாற்றுகள்

சில வருடங்களுக்கு முன், எனக்கும் ஒரு ஆசை வந்து விதை கேட்டேன். டிசம்பரில் பறித்த நல்ல பழத்தை, மேல்தோலை மட்டும் உரித்து, சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்துக் கொடுத்தார் சித்தப்பா. கொட்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தோல் அப்படியே இருக்க வேண்டும். காப்பி விதைக்கு ஆயுள் குறைவு. நெல்லைப்போலக் கோட்டை கட்டி வைத்து அடுத்த வருடம் போடலாம் என்றால் முளைக்காது. தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி மேட்டுப்பாத்தியில் பதித்து, வைக்கோல் பரப்பி, தினம் தண்ணீர் தெளித்தேன்.

முப்பது நாள் ஒன்றுமே இல்லை. நாற்பத்தைந்து நாள் வாக்கில் மண் விரிந்து, தீக்குச்சி தலையோடு எழுந்து நிற்பதுபோல, கொட்டையைத் தலையில் சுமந்துகொண்டு தண்டு மேலே வந்தது. பிறகு தொப்பி கழன்று இரண்டு வட்ட இலை, வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி. அந்தத் தொப்பிப் பருவத்தில்தான் பைக்கு மாற்ற வேண்டும். ஆறு பங்கு காட்டுமண், இரண்டு பங்கு மக்கிய சாணஎரு, ஒரு பங்கு மணல் என்று கலந்து பையை நிரப்பி, விரலால் குழி குத்தி நாற்றை இறக்கினேன். நாற்பது நாற்று. அவசரம். ஆணிவேர் குழியின் அடியில் முட்டி மேலே வளைந்ததை நான் பார்க்கவில்லை.

மலையில் நட்ட முதல் வருடம் ஜோராக வந்தது. இரண்டாம் வருடக் கோடையில் ஒவ்வொன்றாக மஞ்சளடித்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் தூண்டில் முள்ளைப்போல வளைந்து நிற்கிறது. கீழே ஈரத்துக்குப் போக வேண்டிய வேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தால் செடி எப்படித் தாங்கும்? சித்தப்பா திட்டவில்லை. "வேர் நீளமா இருந்தா நுனியைக் கிள்ளிட்டு நேரா இறக்கணும். சொல்ல மறந்துட்டேன்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அது இன்னும் வலித்தது.

மாடித் தோட்டக்காரர்கள் இதையும் கேட்பார்கள்: சென்னையில், மதுரையில் வளருமா? நிழலில் தொட்டியில் வைத்தால் அழகான இலைச்செடியாக நிற்கும். காய்ப்பை எதிர்பார்க்காதீர்கள். அராபிகாவுக்கு 15இலிருந்து 25 டிகிரிதான் சொர்க்கம். நம் மே மாதத்தை அதனிடம் காட்டுவது பாவம். கிளையை வெட்டி நட்டு வளர்க்கலாமா என்றால், அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பக்கக் கிளையை வேர்பிடிக்க வைத்தால் அது செடியாகாமல் காலமெல்லாம் பக்கவாட்டிலேயே படரும். நிமிர்ந்து வளரும் போத்தை நட்டால்தான் நிமிர்ந்த செடி.

நிழலை விற்ற வருடம்

காப்பிக்கு எரு, மருந்து எல்லாவற்றுக்கும் மேலே நிழல். இது என் கருத்து, மலையில் இதை மறுப்பவர்களும் உண்டு. பிரேசிலில் வெட்டவெளியில்தானே விளைகிறது என்பார்கள். அங்கே வேறு வெயில், வேறு மண், வேறு பூச்சி. இங்கே நட்டவுடன் ஒரு முள்ளுமுருங்கைக் கொம்பைப் பக்கத்தில் ஊன்றுகிறார்கள். மேலே சில்வர் ஓக், பலா, அத்தி. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி. இதெல்லாம் காஃபா காட்டின் மேல்கூரைக்கு நாம் போடும் ஓலைக்கொட்டகை.

சித்தப்பாவே ஒருமுறை தவறியிருக்கிறார். மகள் கல்யாணச் செலவுக்கு மேல்பாத்தியில் இருந்த பெரிய மரங்களை மரவியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் காய்ப்பு இரட்டிப்பு. கிளை தெரியாமல் பழம். ஊரே வந்து பார்த்தது. அதற்கடுத்த வருடம் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தன. மாமரம் தாங்க முடியாத பிஞ்சை உதிர்த்துவிடும். அராபிகாவுக்கு அந்தப் புத்தி கிடையாது; பிடித்த காயை எல்லாம் கடைசிவரை வளர்க்கப் பார்க்கும். இலையிலிருக்கும் சத்து, தண்டில் சேர்த்துவைத்தது, வேரில் இருப்பது என்று அத்தனையும் காய்க்கே கொடுத்துவிட்டு அதுவே காய்ந்துபோகும். காட்டில் நிழல் இருந்ததால் மொட்டே குறைவாகத்தான் வைத்தது. உதிர்க்கும் வித்தையை அது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

வெயில் பட்ட தண்டைத் தேடி வந்தது அடுத்த வினை, வெள்ளைத் தண்டுத்துளைப்பான். ஆசியாவைச் சேர்ந்த வண்டு இது. ஆப்பிரிக்க மரத்துக்கு அந்நியன். பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே சுரங்கம் தோண்டி மாதக்கணக்கில் தின்னும். காய்த்துளைப்பான் வண்டோ நேர் எதிர்: அது ஆப்பிரிக்காவிலிருந்து காப்பியைப் பின்தொடர்ந்து வந்த பழைய பகையாளி. இந்தியாவில் முதலில் தென்பட்டது 1990இல், நம் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில்.

தண்டுத்துளைப்பானை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தோட்டத்தில் முப்பது வருடமாகக் கவாத்து செய்யும் அக்காவிடம் கேட்டேன். அவர் என் கட்டைவிரலைப் பிடித்துத் தண்டில் கீழிருந்து மேலாக நகர்த்தினார். வழவழ, வழவழ, சட்டென்று ஓர் இடத்தில் நரம்பு புடைத்த மாதிரி ஒரு மேடு.

"அதான் தம்பி. உள்ள படுத்திருக்கான்."

செடி வெளியே பச்சையாகத்தான் இருந்தது. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான், வேறு வைத்தியம் இல்லை. எஞ்சியவற்றுக்குத் தேங்காய் நாரால் தளர்ந்த பட்டையைத் தேய்த்தெடுத்து, பத்து சதவீதச் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டில் பூசினார்கள். வண்டு பறக்கும் காலம் ஏப்ரல் - மே, பிறகு அக்டோபரிலிருந்து டிசம்பர். அதற்கு முன் பூசிவிட வேண்டும்.

அந்த அக்கா கவாத்து செய்வதைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். அறுவடை முடிந்த கையோடு செய்கிற வேலை இது. போன வருடம் வளர்ந்த கிளைக்கணுவில்தான் இந்த வருடம் பூ. ஒருமுறை காய்த்த கணு மறுபடி காய்க்காது. ஆகவே கழிக்க வேண்டியது எது, அடுத்த வருடத்துக்கு விடவேண்டியது எது என்று ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முடிவு. நடுத்தண்டைச் சுற்றி அரையடிக்கு இடைவெளி திறந்து காற்றும் வெளிச்சமும் விழ வைக்கிறார். நேராகக் கிளம்பும் நீர்ப்போத்துகளைக் கையாலேயே ஒடித்துப் போடுகிறார். ஒரு செடிக்கு அவருக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. நான் ஒன்றைச் செய்துபார்த்தேன். கால்மணி நேரம் ஆனது. முடித்ததும் அவர் வந்து, நான் விட்டுவைத்த மூன்று கிளையை ஒன்றும் சொல்லாமல் வெட்டினார்.

எத்தியோப்பியாவில் காப்பிக்கு 'புன்னா' என்று பெயர். அங்கே இன்றும் காட்டிலிருந்தே பறிக்கிறார்கள். சில இடங்களில் செடியைச் சுற்றிப் புதரை மட்டும் கழித்துவிட்டு மேல்மரங்களை அப்படியே விடுகிறார்கள். காஃபா காட்டையும் யாயு காட்டையும் 2010இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகங்களாக அறிவித்தது. இனி எங்கே துரு முற்றினாலும், எங்கே வெயில் ஏறினாலும், மருந்துக்கு மூலிகை தேடுவதுபோல அந்தக் காட்டுச் செடிகளிடம்தான் போக வேண்டும். மத்திய அமெரிக்காவின் 'சென்ட்ரோஅமெரிக்கானோ' என்ற புதுக் கலப்பினத்துக்கு ஒரு பெற்றோர், தெற்கு சூடானின் போமா மேட்டுநிலத்திலிருந்து வந்த 'ரூமே சூடான்'. ஆனால் அந்தக் காடுகளும் சுருங்குகின்றன. காட்டு அராபிகா இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. கடையில் குவிந்து கிடப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை.

18 மில்லிமீட்டர்

மார்ச் முதல் வாரம் மறுபடி போயிருந்தேன். தோட்டம் முழுக்கக் கணுக்களில் பச்சை மொட்டு, பென்சில் முனை அளவுக்கு வந்து அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. வறட்சியில் நிற்கும் இந்த மொட்டுகளை எழுப்ப ஒரு நல்ல மழை வேண்டும். ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். பெய்தால் எட்டிலிருந்து பத்து நாளில் மலை முழுக்க வெள்ளை. பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வந்தால்தான் பிடித்த பிஞ்சு நிற்கும். முதல் மழையைப் பூ மழை என்றும், அடுத்ததைக் காப்பு மழை என்றும் சித்தப்பா சொல்வார்.

ஆறாம் தேதி சாயங்காலம் இடித்துக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் சத்தம் கேட்டுச் சித்தி வாசலுக்கு ஓடிவந்து நின்றார். அரைமணி நேரம். டப்பென்று நின்றுவிட்டது. சித்தப்பா டார்ச்சோடு போய் மழைமானியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். 18.

"கிணத்துல ஒரு நாளைக்குத் தண்ணி இருக்கு. ஸ்பிரிங்ளர் போட்டுடலாமா?" என்று சித்தி கேட்டார்.

"இன்னைக்கு இதைப் போட்டா, அந்தக் காப்பு மழை வரலேன்னா அப்ப எதை எடுக்குறது?"

"அப்ப என்னதாங்க செய்யறது?"

சித்தப்பா மானியிலிருந்த தண்ணீரை வாசல் துளசிக்கு ஊற்றினார். "காலையில பாப்போம்."

காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் பஸ் ஏறிவிட்டேன். ஒன்பதாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நிழல் அடர்ந்திருக்கும் கீழ்ப்பாத்தி முழுக்க வெள்ளை. மரத்தை விற்ற மேல்பாத்தியில் மொட்டு அப்படியே பச்சையாக நின்றது. படத்துக்குக் கீழே சித்தப்பா ஒன்றும் எழுதவில்லை.